வயிற்றில் கிடக்கும் மருந்து

மைசூரு
9-6-2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு,

"என்ற தம்பிக்கு என்னதான் ஆச்சு?" என்று ஒரே வரியில் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். வணக்கமும் நலம் விசாரிப்பும்தான் முதலில் வரவேண்டும் என்று தெரியும். ஆனால் இந்தக் கேள்வியைத் தாண்டி வேறெதையும் எழுத வரவில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஆடுகள் சுகமா?

உங்களுக்குப் போனில் காது கேட்காமல் போனதிலிருந்து நாம் எழுதிக்கொள்வது இதுதான் மூன்றாவது தடவை. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் போனைக் கொடுத்து, அவள் உங்கள் காதருகே கத்தி, ஊரே கேட்பதைவிட இது மேல்.

நடந்ததைச் சொல்கிறேன். மே முதல் வாரம் கொள்ளேகாலில் உங்கள் பெரியப்பா பேரன் கல்யாணத்துக்கு வந்தோமல்லவா? வீடு திரும்பிய மறுநாள் எங்கள் இருவருக்கும் வயிற்றுப்போக்கு. சாப்பாடா, தண்ணீரா என்று தெரியவில்லை. எனக்கு மூன்றே நாளில் சரியாகிவிட்டது. அவருக்கும் ஒரு வாரத்தில் போக்கு நின்றது. அதன் பிறகுதான் ஆரம்பம். தட்டில் உட்கார்ந்தால் இரண்டு வாய், மூன்று வாய். பிறகு மேல்வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு "போதும்" என்கிறார். புளித்த ஏப்பம். சில நாள் குமட்டல். இடுப்பில் பெல்ட் நிற்பதில்லை.

மருத்துவரிடம் காட்டினோம். தொற்று போன பிறகும் சிலருக்குக் குடல் பழைய நிலைக்கு வர மாதக்கணக்காகும் என்றார். அவர் சொன்னதை நம்புகிறேனா என்றால், நம்பாமலிருக்கக் காரணம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அஷ்வினிக்கு எதுவும் எழுதவேண்டாம். அப்பாவுக்கு அஜீரணம் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். புனேயிலிருந்து அவள் ஓடிவந்து செய்யப்போவது ஒன்றுமில்லை.

அவர் இப்போது வீட்டில் இல்லை. தொழிற்சாலை நண்பர் மஞ்சுநாத் நஞ்சன்கூடு சாலையில் வீடு கட்டுகிறார். இரண்டு வாரமாக ஞாயிறு விடிந்ததும் அங்கே கிளம்பிவிடுகிறார். "இந்த உடம்போடா?" என்றேன். "சும்மா கெடந்தா நோவு எச்சாகும்" என்றார். உங்கள் ஊர்ப் பேச்சு அவர் வாயில் வருவது கோபத்தில்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுலோசனா

*

மார்டள்ளி
17-6-2024

அம்மிணி சுலோசனாவுக்கு சுந்தராம்பாள் எழுதறது. நான் நல்லா இருக்கறேன். முட்டி வலி மழை வந்தா எச்சு, வெயிலடிச்சா கம்மி. நீ நல்லா இருக்கோணும். தம்பி ஆறுமுகம் நல்லா இருக்கோணும்.

காயிதம் படிச்சேன். ரெண்டு தாட்டி படிச்சேன். சிலது கேக்கறேன், கோவிச்சுக்காமச் சொல்லு. அவனுக்கு உப்பு ஒறைப்பு நாக்குல தெரியுதா? ஒதடு கறுத்திருக்குதா? முடி கொட்டுதா? ஊட்டுச் சோத்தைக் கண்டா மட்டும் கொமட்டுதா, வெளிச் சோத்துக்கும் கொமட்டுதா? வேற ஆரு கையிலயாச்சும் உங்கூட்டுக்குச் சோறு கொழம்பு வருதா?

டாக்டரு கண்ணுக்கு எல்லாம் தெரியாது அம்மிணி. எங்கப்பன் வயித்துல கட்டி வந்து செத்தப்பவும் மொதல்ல சூடுன்னுதான் சொன்னாங்க.

கேட்டதுக்கெல்லாம் பதில் போடு.

சுந்தராம்பாள்

*

மைசூரு
23-6-2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. உங்கள் முழங்காலை நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுகிறேன். உப்பும் காரமும் தெரிகின்றன. உதடு கறுக்கவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் கொட்டுகிற அளவுக்குத்தான் முடி கொட்டுகிறது.

வெளிச் சோறு பற்றிய கேள்விதான் என்னை யோசிக்கவைத்தது. கீழ்வீட்டில் லிங்கம்மா என்று ஒரு விதவைப் பெண்மணி இருக்கிறார். நான் கல்லூரியிலிருந்து வரத் தாமதமானால் மோர்ச்சோறு கரைத்து மேலே கொண்டுவந்து கொடுப்பார். அவர் கொடுத்தால் இவர் ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிடுகிறார். அதே அரிசி, அதே மோர், நான் கரைத்தால் மூன்று வாய். லிங்கம்மா கன்னடத்தில் கேலி செய்கிறார்: "மேடம், உங்க காலேஜ்ல கெமிஸ்ட்ரி பாடம் எடுத்து எடுத்து சோத்துலயும் ஆசிட் வாசனை வந்துருச்சு போல." நானும் சிரித்தேன். ஆனால் காரணம் எனக்குப் புரியவில்லை.

அண்ணி, நீங்கள் எதற்காக இதையெல்லாம் கேட்கிறீர்கள் என்று தெரியாத ஆளல்ல நான். "மருந்து வைத்துவிட்டார்கள்" என்ற பேச்சை மைசூரில் படித்தவர்கள் வாயிலும் கேட்டிருக்கிறேன். எவளோ ஆளை மயக்கச் சோற்றில் எதையோ பிசைந்து கொடுத்துவிட்டாள், அது வயிற்றிலேயே ஒட்டிக் கிடந்து ஆளைக் கரைக்கிறது என்பார்கள். அந்தப் பேச்சால் எத்தனை பெண்கள் கையால் ஒருவரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போயிருக்கிறார்கள் என்பதும் தெரியும். லிங்கம்மா மீது அப்படி ஒரு சொல் விழ நான் விடமாட்டேன். தன் வேலையை விட்டுவிட்டு அக்கறையாகச் சோறு கொடுக்கிறவர் அவர்.

உங்கள் தம்பி இன்றைக்கும் மஞ்சுநாத் வீட்டுக்குப் போயிருக்கிறார். மழையில் என்ன கட்டுகிறார்களோ.

அன்புடன்,
சுலோசனா

*

மார்டள்ளி
5-7-2024

அம்மிணி சுலோசனாவுக்கு. நான் சொகம். நீயும் சொகமா இருக்கோணும்.

லிங்கம்மாளை நான் ஒண்ணும் சொல்லலியே. நீயே சொல்லி நீயே சண்டைக்கு வர்றே. அந்தம்மா நல்லா இருக்கட்டும்.

மருந்து இருக்குதா இல்லையான்னு பாக்கறதுக்கு வழி இருக்குது. முருங்கத் தழையைக் கசக்கிச் சாறு புழிஞ்சு உள்ளங்கையில உட்டுச் சித்த நேரம் வெச்சிருக்கோணும். மருந்து இல்லாதவன் கையில தண்ணியாட்டம் ஓடிப்போயிரும். மருந்து இருக்கறவன் கையில தயிராட்டம் கட்டிக்கும். இது பொய்யின்னு நீ சொல்லுவே. சொல்லு. கண்ணுல பாத்தது பாத்ததுதான்.

தம்பியை நெனச்சா எனக்கு ராத்திரி சோறு எறங்க மாட்டீங்குது. போன வாரம் வந்தப்பச் சட்டை அவனுக்குக் கடன் வாங்கிப் போட்டாப்ல தொளதொளன்னு தொங்குது. ஆனா ரெண்டு உருண்டை களி தின்னுபோட்டுத்தான் எந்திரிச்சான். அதுல எனக்கொரு நிம்மதி.

சுந்தராம்பாள்

*

மைசூரு
14-7-2024, ஞாயிறு

அண்ணிக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

"போன வாரம் வந்தப்ப" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவர் உங்களிடம் வந்து போவது எனக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்துத்தான் எழுதியிருப்பீர்கள். நேற்று மஞ்சுநாத்தை மண்டி மொஹல்லாவில் ஒரு கடை வாசலில் பார்த்தேன். "வீடு எந்த மட்டில் இருக்கிறது?" என்று கேட்டேன். "மார்ச்சிலேயே குடிவந்துவிட்டோமே மேடம், சார் சொல்லவில்லையா?" என்றார். நான் மறந்துவிட்டதாகச் சொல்லிச் சமாளித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை பஸ்ஸில் கொள்ளேகால், அங்கிருந்து ஹனூர், அங்கிருந்து மார்டள்ளி. நலிந்த உடம்போடு போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம். இதையும் யோசித்துப் பார்த்தேன்: சென்ற மாதம் இரண்டு ஞாயிறும் இந்த மேசையில் உட்கார்ந்து, அவர் சாப்பிடமாட்டேன் என்கிறார் என்று உங்களுக்கு நான் எழுதிக்கொண்டிருந்தபோது, அவர் உங்கள் முன்னால் உட்கார்ந்து களி சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அக்கா வீட்டுக்கு வருவதை யாரும் மறைக்க வேண்டியதில்லை. நான் ஒருநாளும் தடுத்ததில்லை. பிறகு ஏன் மறைக்கிறார்? லிங்கம்மா சோறு இறங்குகிறது, உங்கள் களி இறங்குகிறது. என் வீட்டுச் சோறு மட்டும் ஏன் இறங்கவில்லை?

அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் சொல்லவேண்டி வரும் அவருக்கு. உங்களிடம் கேட்கிறேன். அவரிடம் நீங்கள் என்ன சொல்லியிருக்கிறீர்கள்?

சுலோசனா

*

மைசூரு
28-7-2024, ஞாயிறு

அண்ணிக்கு,

வணக்கம். போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மழையில் தபால் தாமதமாகியிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களுக்குக் காய்ச்சல் ஏதுமில்லையே?

இரத்தப் பரிசோதனையில் அவருக்கு இரத்தம் குறைந்திருப்பதாக வந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். இப்போது மலம் கறுப்பாகப் போகிறதாம். அதையும் அவராகச் சொல்லவில்லை, நான் துருவிக் கேட்டேன். மாத்திரையால் கறுக்கலாம். உள்ளே இரத்தம் கசிந்தாலும் கறுக்கும். எது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தச் சொன்னார் மருத்துவர். நிறுத்தியும் கறுப்பாகவே போகிறது.

வாய்வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கவேண்டும் என்கிறார்கள். "ஆபீஸில் ஆடிட் நடக்கிறது, முடியட்டும்" என்று தள்ளிக்கொண்டே போகிறார் உங்கள் தம்பி. அவர் வேலை பார்க்கும் பண்டகசாலையில் ஆடிட் ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது.

நீங்கள் சொன்னால் கேட்பார். ஒரு வரி எழுதுங்கள்.

சுலோசனா

*

மார்டள்ளி
6-8-2024

சுலோசனாவுக்கு.

பதில் போடாதது தபால் குத்தமில்லை. எழுதி எழுதிக் கிழிச்சுப்போட்டேன்.

அவன் உங்கிட்டச் சொல்லிப்போட்டுத்தான் வாரான்னு நெனச்சேன். மஞ்சுநாத் ஊட்டுக்குன்னு நீ எழுதுனப்பவும், அங்க போயிட்டு அப்படியே இங்க வாரான்னு எடுத்துக்கிட்டேன். உன்ற காயிதம் வந்ததுக்கப்புறம் கேட்டேன். "அவளுக்குத் தெரியக்கூடாது, நீ எழுதாதே அக்கா"ன்னு கையப் புடிச்சுக்கிட்டான். என்ன பண்ணறது சொல்லு.

நடந்ததைச் சொல்லறேன். ஜூன் மாசம் மொத மொத வந்தப்ப, அவன் இருந்த இருப்பைப் பாத்து, இங்க மேக்கால ஒரு ஊர்ல மருந்து எடுக்கற பாப்பாயிகிட்ட நாந்தான் கூட்டிட்டுப் போனேன். முருங்கச் சாறு கையில உட்டாங்க. கட்டிக்கிச்சு. நான் பாத்தேன், அவனும் பாத்தான். பாப்பாயி கையத் தொட்டுப் பாத்துப்போட்டு, "இது பக்கத்து ஊட்டு மருந்து இல்ல, கட்டுனவ வெச்ச மருந்து. கண்ணாலமான புதுசுல வெச்சது. இத்தன வருசம் அசையாமக் கெடந்துச்சு, இப்ப வயித்துப்போக்குல பேர்ந்துக்கிச்சு"ன்னு சொல்லுச்சு.

நான் உங்கிட்டக் கேட்ட கேள்வியெல்லாம் பாப்பாயி கேக்கச் சொன்னதுதான். நான் மறைக்கல. எனக்கு அப்ப அது பொருந்தித்தான் தெரிஞ்சுது. ஊருக்கே அடங்காத பையன் உன்னயக் கட்டுனதும் உன்ற பேச்சுக்கு அடங்கிப் போனான். மாதேசுவரன் மலைத் தேருக்கு வருசா வருசம் வந்தவன், அதுக்கப்புறம் வரலை. காலையில எந்திரிச்சு உனக்குக் காப்பி வெச்சுக் குடுக்கறான்னு கேள்விப்பட்டப்ப எங்காத்தா வாயில துணிய வெச்சு அழுதுச்சு. அதெல்லாம் ஒண்ணா நெனப்பு வந்துச்சு.

ஆவணி அமாவாசைக்கு மருந்து எடுக்கறதுன்னு முடிவு பண்ணியிருக்குது. வெறும் வயித்துல ஒரு சாறு குடுப்பாங்க. வாந்தியில வந்துரும். அது வரைக்கும் உன்ற கையில திங்க வேண்டாம்னு பாப்பாயி சொன்னதை அவன் கேட்டுக்கிட்டான்.

எழுதிப்போட்டேன். இனி நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்.

சுந்தராம்பாள்

*

மைசூரு
11-8-2024, ஞாயிறு

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தில் இந்த முறை நலம் விசாரிப்பு இல்லை. நானும் விசாரிக்கவில்லை. உண்மையை எழுதியதற்கு நன்றி. இதை நான் மரியாதைக்குச் சொல்லவில்லை.

முதலில் அவசரமானது. மருத்துவரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். உங்கள் தம்பி வயிற்றில் இரத்தம் கசியும் புண் இருக்கக்கூடும், வேறேதாவதும் இருக்கக்கூடும். பார்க்காமல் சொல்ல முடியாது. அந்த நிலையில் வாந்தி வரவைக்கும் சாற்றை வெறும் வயிற்றில் கொடுத்தால் இரத்த வாந்தியாகவே முடியலாம். ஹனூரைத் தாண்டி அந்த ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, முருங்கைச் சாறு. வெள்ளிக்கிழமை சந்தையில் ஒரு கட்டு வாங்கிவந்து என் உள்ளங்கையில் விட்டேன். சற்று நேரத்தில் கட்டிக்கொண்டது. லிங்கம்மாவைக் கூப்பிட்டு அவர் கையிலும் விட்டேன். "ஏன் மேடம், பசங்களுக்குப் பரீட்சை முடிஞ்சு இப்ப எனக்கா?" என்று சிரித்தபடி கையை நீட்டிக்கொண்டிருந்தார். அவர் கையிலும் கட்டியது. வெயிலில் வைத்த எவர்சில்வர் தட்டிலும் கட்டியது. தட்டுக்கு யார் மருந்து வைத்தார்கள்? கைச்சூட்டில் அந்தச் சாறு கெட்டியாகிறது. ஏன் என்று ஊகிக்க முடிகிறது, நிரூபித்துப் பார்க்கவில்லை.

இதை அவருக்குச் செய்து காட்டியிருக்கலாமே என்பீர்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவள் தன் கையாலேயே சாட்சியைப் பிழிந்து காட்டினால் யார் நம்புவார்கள்? அதனால் உங்களைக் கேட்கிறேன். உங்கள் தோட்டத்து முருங்கையிலேயே பறியுங்கள். உங்கள் கையில் விட்டுப் பாருங்கள்.

மூன்றாவதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவருக்கு இருபத்தைந்து வருடமாக என்மேல் உள்ள பிரியத்தை நான் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை. எதையும் கேள்வி கேட்கிற புத்தி எனக்கு. அந்த ஒன்றை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டேன். அதை நான் சோற்றில் பிசைந்து கொடுத்தேன் என்று நீங்கள் நினைத்ததில் எனக்கு வருத்தம் உண்டு, வியப்பு இல்லை. நீங்கள் அக்கா. தம்பி உங்களைவிட்டு விலகிப்போன குறை உங்களுக்கு உண்டு. ஆனால் அவரும் அப்படி நினைக்கிறார். காலையில் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் வைத்த சோற்றை மூன்று வாயோடு ஒதுக்கிவிட்டுப் போகிறவர், அந்தச் சாற்றைக் குடித்த பிறகும் தனக்கு என்மேல் பிரியம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கக் காத்திருக்கிறாரா? எனக்குத் தெரியவில்லை.

இதுவரை அவரிடம் ஒன்றும் பேசவில்லை. தடுத்தால் இன்னும் உறுதியாக நம்புவார். இந்த வீட்டில் நான் வாயைத் திறக்கமுடியாத ஒரே விஷயம் இதுவாகிவிட்டது. உங்களால்தான் முடியும்.

சுலோசனா

*

மார்டள்ளி
3-9-2024

அம்மிணி சுலோசனாவுக்கு சுந்தராம்பாள் எழுதறது. நீ நல்லா இருக்கோணும். நெசமாத்தான் சொல்லறேன்.

உன்ற காயிதத்தைப் படிச்சும் நாலு நாள் முருங்கத் தழையைத் தொடாம இருந்தேன். எதுக்குத் தொடோணும்னு வீம்பு. அப்பறம் ஒரு நாள் மத்தியானம் மனசு கேக்காமத் தழை பறிச்சுக் கசக்கி என்ற கையில உட்டேன். கட்டிக்கிச்சு. எனக்கு ஆரு மருந்து வெச்சிருப்பா? என்ற மாமியா செத்து எத்தன வருசமாச்சு, அவுகளுக்கு என்ற மேல அத்தன ஆசையும் இல்ல. ஆடு மேய்க்கற தொட்டையனைக் கூப்புட்டு அவன் கையில உட்டேன். அதுலயும் கட்டிக்கிச்சு. "ஏனுங்கம்மா, எனக்கு மருந்து வெச்சு மடக்கறளவுக்கு எவளாச்சும் இருந்தா வெலாசம் குடுங்க, நானே போயி வாங்கித் தின்னுக்கறேன்"ங்கறான். நான் சிரிக்கல. எனக்கு அழுகாச்சி வந்துருச்சு.

நேத்து அமாவாசை. விடியறதுக்கு முன்னாலயே தம்பி வந்து எறங்கிட்டான், முன்னாடி நாளே கொள்ளேகால்ல ரூம் போட்டிருந்தானாம். "போலாம் அக்கா"ன்னான். நான் போகலைன்னேன். முருங்கச் சாறைக் காட்டுனேன். பாத்தான். மொகம் சுருங்கிப்போச்சு. "நீயும் அவ பக்கம் போயிட்டியா"ன்னான்.

அப்பறம் அவன் சொன்னதை அப்படியே எழுதறேன், நீ தெரிஞ்சுக்கோணும். "அக்கா, அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. ரெண்டு வாய், மூணு வாய், மேல்வயித்துல கை. குழாய் உட்டுப் பாத்தா அதுதான் இருக்கும். மருந்துன்னா எடுத்துப்போட்டுடலாம். அதை எடுக்க முடியாது. மருந்தாவே இருந்துட்டுப் போகட்டும்னு நெனச்சேன்."

"அதுக்கு உன்ற பொண்டாட்டி தலையில பழியப் போட்டியாடா?"ன்னு கேட்டேன். அவன் செவுத்தைப் பாத்து உக்காந்திருந்தான். களி கிண்டி வெச்சேன், தொடல. அவனுக்கு எங்கூட்டுச் சோறும் இப்ப எறங்கலை அம்மிணி. இதுக்கு முன்னாலயும் சில தாட்டி அவன் திரும்பிப் போறப்ப பஸ் ஸ்டாண்டுல வாந்தி எடுத்தானாம். என்கிட்ட மறைச்சிருக்கான். உங்கூட்டுச் சோறு, எங்கூட்டுச் சோறுன்னு வித்தியாசமெல்லாம் இல்ல.

பாப்பாயிகிட்டப் போகாம மத்தியான பஸ்ஸுக்கு ஏத்தி உட்டேன். கோவமாத்தான் போனான். குழாய் உட்டுப் பாக்கறதுக்கு வருவானா மாட்டானான்னு எனக்குத் தெரியாது. நீ கூட்டிட்டுப் போ. அங்க வந்து நிக்கறதுக்கு எனக்கு மொகமில்ல.

சுந்தராம்பாள்

*

மைசூரு
8-9-2024, ஞாயிறு

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை செய்யவில்லை, பூஜை மட்டும் செய்தேன்.

முகம் இல்லை என்று எழுதாதீர்கள். நீங்கள் தடுக்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் யோசிப்பதை நிறுத்திவைத்திருக்கிறேன்.

உங்கள் அப்பா வயிற்றில் கட்டி வந்து போனதை ஜூன் மாதக் கடிதத்திலேயே எழுதியிருந்தீர்கள். நான் அதை ஒரு தகவலாகப் படித்துவிட்டுத் தாண்டிப்போனேன். அவர் அதைத் தாண்டிப் போகவில்லை. ஒரு மனிதன் தன் மனைவியைச் சந்தேகிப்பது, தன் வயிற்றைச் சந்தேகிப்பதைவிடச் சுலபம் என்று இப்போதுதான் தெரிகிறது. எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய்.

திங்களன்று அவர் வந்த பிறகு இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. வியாழன் காலை காப்பி கொண்டுவந்து வைத்தார். "திங்கட்கிழமை குழாய் விட நேரம் வாங்கியிருக்கிறேன். எட்டு மணிக்கு" என்றேன். "யாரைக் கேட்டு வாங்கினாய்?" என்றார். "யாரையும் கேட்கவில்லை" என்றேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இன்று முழுக்க வீட்டிலேயே இருக்கிறார். எத்தனையோ ஞாயிறுக்குப் பிறகு. அலமாரியில் பழைய பில்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருக்கிறார். நான் இங்கே எழுதுவதும் யாருக்கு என்பதும் அவருக்குத் தெரியும்.

நாளைக்குக் கிளம்புவாரா? கிளம்பினால் குழாய் முனையில் என்ன தெரியும்? ஊகிப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். இதைத் தபாலில் சேர்க்காமல் நாளை வரை வைத்திருக்கிறேன். நடந்ததை எழுதி முடிக்கிறேன்.

9-9-2024, திங்கள், மாலை

கிளம்பினார். ஆறு மணிக்கே குளித்துவிட்டு வெளியே போய் ஆட்டோவைக் கூட்டிவந்தார்.

உள்ளே அழைத்துப்போனபோது கன்னடத்தில் நர்ஸ் "யார் கூட வந்திருக்காங்க?" என்று கேட்டார். இவர் என்னைக் காட்டினார். அரை மணி நேரம் ஆனது. இரைப்பை முடிந்து குடல் தொடங்கும் இடத்தில் ஒரு புண், சுற்றிலும் வீக்கம், அதனால் சோறு கீழே இறங்காமல் நிற்கிறது. எங்கோ இரத்தமும் கசிந்திருக்கிறது. ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். "பார்த்தால் சாதாரணப் புண் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ரிசல்ட் வரும்வரை நான் எதையும் சொல்லமாட்டேன்" என்றார் மருத்துவர். ஒரு வாரம் ஆகும். அவர் அப்படிச் சொன்னதால் அவர்மேல் எனக்கு முதன்முறையாக நம்பிக்கை வந்தது.

தொண்டை மரத்திருந்ததால் இரண்டு மணி நேரம் எதுவும் கொடுக்கக்கூடாது. பிறகு திரவமாக, கொஞ்சம் கொஞ்சமாக. வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்" என்றார்.

வீட்டில் நான் ஒன்றும் சமைத்து வைக்கவில்லை. சாப்பிடுவார் என்று நினைக்கவில்லை. வந்து அரிசி நொய்யைக் குழையக் கஞ்சி வைத்தேன். சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நான் வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறவைத்துக் கிண்ணத்தில் ஊற்றி, உப்புப் போட்டு, கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். பிறகு ஸ்பூனைத் திருப்பி என் பக்கமாக நீட்டி, "மொத வாய் நீ சாப்பிடு" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டேன்.

அதன் பிறகு அவர் சாப்பிட்டார். பாதிக் கிண்ணம். இப்போது மணி ஐந்தரை. வாந்தி இல்லை.

சுலோசனா